எட்டு வயதுக்கு எவ்வளவு உயரம்

என் மகள் சாலிஹாவுக்கு அப்போது எட்டு வயது. இதைச் சொன்னால் எங்கள் ஊர் புதுமடத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். "எட்டா? உம்மு ஹபீபா, யாருக்குக் காது குத்துறே?" என்று சிரிப்பார்கள். பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா? எட்டு என்றால் எட்டுதான். ஆனால் உயரத்தில் என் காது மட்டத்துக்கு வந்துவிட்டாள். பெருநாளைக்குப் பெருநாள் பாவாடையின் அடிமடிப்பைப் பிரித்துவிட்டு எனக்கு அலுத்துப்போயிற்று. பிரிக்க மடிப்பு இல்லாமல் போன பாவாடைகள் கெண்டைக்கால் தெரிய நின்றன.

அவளுடைய வாப்பா மீரா சாகிபு கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். விசா கெடுபிடியான வருஷங்கள் அவை. ஒரு தடவை வந்துபோனால் மறுபடி வருவது அல்லாஹ்வின் நாட்டம். மகளுக்கு நாலு வயதில் போனவர், நாலு வருஷம் கழித்து ஐம்பத்தாறாம் வருஷம்தான் வந்தார். அவர் போகும்போது என் வயிற்றிலிருந்த ஹமீதுக்கு மூன்றரை வயது ஆகிவிட்டது. மகன் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

வருவதற்கு முன்னால் கடிதம் வந்தது. "பிள்ளை குமராகிவிட்டதாகப் பாக்கர் சொன்னான். இன்னும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாயாமே. நான் வந்து நிறுத்திவிடுகிறேன். இனி அவள் வீட்டோடு இருக்கட்டும்." பாக்கர் அவரோடு அதே கடையில் இருப்பவன். முந்தின வருஷம் ஊருக்கு வந்தபோது, கடற்கரையில் பிள்ளைகளோடு நின்று வலை இழுப்பதை வேடிக்கை பார்த்த சாலிஹாவைக் கண்டுவிட்டுப் போய் வத்தி வைத்திருக்கிறான். அவன் வாயில் மண் விழ.

எங்கள் ஊரில் பெண்பிள்ளை வயதுக்கு வந்து குமராகிவிட்டால் வாசலைத் தாண்டுவதில்லை. அதில் எனக்கு வழக்கு கிடையாது. நானும் பதின்மூன்று வயதில் உள்ளே போனவள்தான். ஆனால் எட்டு வயதில் போகவில்லையே! ஒரு பிள்ளையிடமிருந்து ஐந்து வருஷத்தைப் பிடுங்குவதா? எதற்காக, எலும்பு கொஞ்சம் நீளமாக வளர்ந்ததற்காகவா? நேரில் வந்து முகத்தைப் பார்த்தால் குழந்தை என்று அவருக்கே தெரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் உச்சிப்புளியில் ரயிலை விட்டு இறங்கி மாட்டுவண்டியில் வந்த அன்று, சாலிஹாவுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. வாப்பாவுக்கு எப்படிச் சலாம் சொல்வது என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவருடைய அக்கா சபியா மதினிக்கு வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. "ஆம்பள வர்ற நேரம், புள்ளய இப்படியா நிறுத்துவே?" என்று ஒரு பழைய தாவணியை எடுத்து அவள் தலையில் முக்காடாகப் போட்டுவிட்டார். வண்டிச் சத்தம் கேட்டதும் முதலில் ஓடியது அவள்தான். வண்டியிலிருந்து இறங்கிய மனிதர் நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரையைப் பார்த்தபடியே, "மீரா சாகிபு வந்திருக்கேன்னு உள்ள சொல்லும்மா" என்றார்.

பெற்ற மகளிடம்! யாரோ வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டார். சாலிஹா வாயில் வைத்திருந்த சலாமை விழுங்கிக்கொண்டு நின்றாள். "யா அல்லாஹ், இது ஒங்க மவ சாலிஹா!" என்று கத்திக்கொண்டே நான் வெளியே வந்தேன். அவர் அப்படியே விழித்தார். "மாஷா அல்லாஹ்" என்று அவள் தலையைத் தொட்டார். அவ்வளவுதான். என் சேலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த ஹமீதை அள்ளித் தூக்கித் தோளில் வைத்தவர், பொழுது சாயும் வரை கீழே இறக்கவில்லை. பெட்டியைத் திறந்தபோது ஹமீதுக்குச் சாவி கொடுத்தால் ஓடும் தகர மோட்டார் கார் வந்தது. சாலிஹாவுக்கு வந்தது, பெரிய மனுஷிகள் வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டி. அதை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "திங்கக்கெழம பள்ளிக்கூடத்துல போயி பேரை வெட்டச் சொல்லிட்டு வந்துர்றேன்."

"எட்டு வயசுங்க அவளுக்கு."

"எனக்குத் தெரியாதா? ஆனா தெருவுல பாக்குறவனுக்கு வயசா தெரியுது? ஒசரந்தான தெரியுது. நானே ஏமாந்துட்டேனே."

"ஏமாந்தது ஒங்க கண்ணு. அதுக்கு அவளை ஏன் அடைக்கிறீக?"

ஹமீதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபக்காரர் இல்லை. கோபக்காரராக இருந்தால் சண்டை போட்டாவது ஜெயித்திருப்பேன். சாந்தமான மனிதரிடம் என் வாய் செல்லாது.

மறுநாளிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். கெண்டைக்கால் தெரிய நிற்கும் பாவாடை, இருந்தாற்போலிருந்து தரையில் புரண்டது. அடிப்பக்கமெல்லாம் மண். "இம்புட்டு ஒசரம் வளந்திருக்கியே, பாவாடைய ஒழுங்காக் கட்டத் தெரியாதா?" என்று நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டேன். அப்படியும் புரண்டது. இந்த "இம்புட்டு ஒசரம் வளந்திருக்கியே" என் வாயில் தினமும் ஓடுகிற வார்த்தை. குடம் தளும்பினால் சொல்வேன். தம்பி அழுதால் சொல்வேன். தனியாகக் கொல்லைக்குப் போகப் பயந்தால் சொல்வேன். ஊர்க்காரர்களிடம் எட்டு வயது என்று மல்லுக்கு நிற்கிறவள், வீட்டுக்குள் அவளைப் பதின்மூன்று வயதுக்காரியாக வேலை வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

படுக்கும்போது தொடை வலிக்கிறது என்றாள். "வளர்ற காலு வலிக்கத்தான் செய்யும்" என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கண்ணில் பட்டது. வாப்பாவுக்குத் தண்ணீர்ச் செம்பு கொண்டுபோனாள். பாவாடைக்குள்ளே முழங்கால்கள் மடங்கியிருந்தன. பாதி உட்கார்ந்தவள் மாதிரி தத்தித் தத்தி நடந்தாள். ஹமீதுக்குச் சிரிப்புக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அடுப்படிக்குக் கூப்பிட்டு முதுகில் ஒன்று வைத்து, "நிமிந்து நட, கிறுக்கச்சி" என்றேன். நிமிர்ந்தாள். அவர் பக்கம் போனதும் மறுபடி மடக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாலிஹா தலை சீவி, சிலேட்டோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். எதற்குப் போகிறார் என்று நாங்கள் அவளுக்குச் சொல்லவில்லை. "வாப்பா, நானும் ஒங்களோட பள்ளிக்கூடத்துக்கு வாரேன்" என்றாள். அவர் குனிந்து பார்த்தார்.

"கால்ல என்னம்மா? ஏன் இப்படி நிக்கிறே?"

"ஒண்ணுமில்லங்க, சேட்டை. ஏய், நிமிந்து நில்லுடி!" என்றேன் நான்.

அவள் நிமிரவில்லை. மூக்கு நுனியில் வேர்த்திருந்தது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின.

"நிமிந்தா ஒசரமாயிருவேன் உம்மா. வாப்பாவுக்கு நான் யாருன்னு தெரியாமப் போயிரும்." பிறகு அவரைப் பார்த்து, ஏதோ தப்புச் செய்தவளைப் போலச் சொன்னாள்: "தம்பி அளவுக்குக் குறையப் பாக்குறேன் வாப்பா. இதுக்கு மேல முடியல."

அவர் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். முந்தின நாள் அந்த முதுகில் வைத்த கை இது. வெட்டிப் போட்டாலும் தகும் என்று இருந்தது.

அவர் குனிந்து இரண்டு கையாலும் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தார். அவள் கால்கள் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கின. அப்படியே வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டார். சிலேட்டு அவர் முதுகில் இடித்துக்கொண்டே போனது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். நான் வாசல் வரை ஓடிவந்து பார்த்தேன். தெருவே பார்த்தது. சபியா மதினி தன் வாசலில் நின்று வாயில் கை வைத்தார்.

"ஏ மீரா சாகிபு! குமரைப் போயி நடுத்தெருவுல தூக்கிட்டுப் போறியே, வெக்கமா இல்ல?"

"குமர் இல்ல லாத்தா. எட்டு வயசுப் புள்ள" என்று நிற்காமலே சொன்னார். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எம் புள்ள!" என்றார்.

திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வேர்வை.

"பேரை வெட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"எதுக்கு வெட்டணும்? அவ கிளாசுல கொண்டுபோயி உக்கார வச்சுட்டு வாரேன். அஞ்சாம் வகுப்பு முடிக்கட்டும். அப்புறமும் எவனும் நமக்குச் சொல்ல வேணாம்." கையை உதறிக்கொண்டார். "யம்மாடி, என்ன கனம் கனக்குறா. நீ எப்படித்தான் தெனம் தூக்குறியோ?"

ஊரில் யார் என்ன கேட்டாலும் ஒன்றுக்கு நாலாகப் பதில் சொல்கிறவள் நான். அன்று, கீழே கிடந்த குடையை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். ஹமீது பிறந்த நாளிலிருந்து சாலிஹாவை நான் தூக்கியதே இல்லை. அவர் நாலு வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். நான் எங்கே இருந்தேன்?

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை வாசலிலேயே மறித்து இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிப் பார்த்தேன். கால் தரையை விட்டுக் கிளம்பவில்லை. இன்னொரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். முடியவில்லை. அவர் ஆண்பிள்ளை, தூக்கிவிட்டார். அவளைத் தூக்குகிற வயது எனக்குக் கைதவறிப் போய்விட்டது. அழுகையாக வந்தது.

"பரவால்ல உம்மா" என்றாள் சாலிஹா. "நீ உக்காரு. நான் மடியில உக்காந்துக்கிறேன்."

நிலைப்படியில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். அவள் தலை என் முகத்தை மறைத்தது, கால்கள் வாசல்படி தாண்டிப் போயின. அதைப் பார்த்ததும் ஹமீது மோட்டாரை வீசிவிட்டு ஓடிவந்து, அது தன்னுடைய மடி என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் பழக்கத்தில் எழுந்திருக்கப் போனாள். நான் விடவில்லை.

"சும்மா இருலே" என்றேன். "லாத்தாவுக்கு எட்டு வயசுதான் ஆகுது."