பதினான்காம் எண்

ரோமில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. அதைவிடப் பழைய, இடிந்துபோன பொதுக் குளியல் மண்டபத்துக்குள்ளேயே, அந்தச் சுவர்களையே வைத்துக் கட்டியது. அதைத் தூண் தூணாகச் சுற்றிக்காட்டும் தமிழ்க் குரல் அயனம்பாக்கம் வனஜாவுடையது. ரோம் என்ன ரோம், அவள் பூந்தமல்லி தாண்டியே வருஷக்கணக்காகிறது.

சுற்றுலா ஆப் ஒன்றுக்குக் குரல் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தாள். பக்தியெல்லாம் இல்லை, மகன் அபிஷேக்குக்கு அந்த ஊரில்தான் வேலை. அவன் விரும்பிய பெண்ணை, "இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். பெரிய வீராப்பு. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "போறேன்" என்றான். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. மூன்று வருஷமாக அவள் கூப்பிட்டால் அவன் ஃபோனை எடுப்பதுமில்லை.

பைபாஸ் லாரிச் சத்தம் விழாமலிருக்கப் போர்வைக்குள் புகுந்து, வேர்த்து வழிந்து, தேவாலயத்தில் நின்று பார்க்கும் இடத்துக்கு ஒன்றாக இருந்த பதினான்கு எண்களையும் பேசிப் பதிவு செய்து முடித்தாள். ஆளில்லாத வீட்டில் தனியாகப் பேசுவது அவளுக்குப் பழக்கம்தான். கடைசி எண்ணில் 'நன்றி, வணக்கம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் "போய்ட்டு வாங்க" என்று பேசி அனுப்பினாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தத் தேவாலயத்தில் தன் குரல் இருக்கிறது என்று மகனுக்கும் ஒரு வரி தகவல் போட்டாள். பதில் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து, அந்த வேலையைக் கொடுத்த தீபிகா பாடியில் இருக்கும் ஆபீஸிலிருந்து கூப்பிட்டாள்.

"மேடம், தமிழ எடுத்துடறாங்க. யாருமே கேக்கறதில்லையாம். ஒரே ஒரு ஃபோன்தான். அதுவும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம, பதினாலாம் நம்பர மட்டும் போட்டுக் கேட்டுட்டுப் போயிடுதாம்."

வனஜா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்போ எடுக்கறாங்க?"

"வர்ற திங்கக்கெழம."

நடுவில் ஒரு ஞாயிறு இருந்தது.

"அந்த நம்பர்ல ஒரு தப்பு இருக்கும்மா. திருத்திப் பேசித் தரேன், ஏத்திடு."

"ரெண்டு நாளைக்கா மேடம்?"

"ரெண்டு நாளைக்குத்தான்."

தீபிகா யோசித்துவிட்டுச் சரியென்றாள்.

வனஜா போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டாள். முதல் தடவை பேசியதை அழித்தாள். அடுத்த தடவை சொல்லிவிட்டாள்.

"போய்ட்டு வாடா, அபி. வரும்போது அவளையும் கூட்டிக்கினு வா."

நடுவில் லாரி ஹாரன் ஒன்று விழுந்துவிட்டது. இருக்கட்டும், அவன் வளர்ந்த ஊர்ச் சத்தம்தானே என்று அப்படியே அனுப்பினாள்.