மாட்டு டாக்டரின் வலப்பக்கக் கண்ணாடி

"அம்மா, தள்ளிக்கிட்டுப் போனா தப்பில்ல, ஏறி உக்காந்தா மட்டும் தப்பா?"

மாட்டு டாக்டரின் ஏழு வயது மகள் கேட்ட கேள்வி இது. டாக்டர் அப்போது தன் டர்ட் பைக்கைத் தார்ச்சாலையில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சட்டத்துக்கு உக்காந்தாத்தான்டி கண்ணு தெரியும்" என்றாள் மூச்சு வாங்கியபடி.

மலைக்கு அந்தப் பக்கத்து மாட்டுக் கொட்டகைகளுக்கு நேரத்தோடு போக அந்த வண்டியை விட்டால் வழியில்லை. மண்பாதையில் ஓட்டத் தடையில்லை, நிலத்துக்காரர்களே சம்மதித்திருந்தார்கள். ஆனால் வீட்டிலிருந்து மண்பாதை வரை இரண்டு கிலோமீட்டர் பொதுச்சாலை. அதில் ஓட்ட விளக்கு, ஹாரன், கண்ணாடி, எண் பலகை, காப்பீடு எல்லாம் வேண்டும். சேற்றில் பாய்வதற்கென்றே செய்த அந்த வண்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. போன மாதம் அவள் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஒரு கன்று வயிற்றிலேயே இறந்துவிட்டது. அன்றைக்கே ஒவ்வொன்றாக வாங்கி மாட்டத் தொடங்கினாள்.

வண்டியைப் பார்த்துச் சான்று தர வேண்டிய ஆய்வாளருக்கு முதுகுக்குப் பின்னால் 'ஸ்கேல்' என்று பெயர். எஃகு ஸ்கேல் இல்லாத சட்டைப் பையோடு அவரை யாரும் பார்த்ததில்லை. நல்ல மனிதர்தான், நல்லதையும் அளந்துதான் செய்வார். முதல் தடவை ஹாரன் சத்தம் போதாது என்றார். அடுத்த தடவை பிரேக் விளக்கு மங்கல் என்றார். மூன்றாம் தடவை அளந்து அளந்து பார்த்தும் குறை கிடைக்கவில்லை. அவருக்கே சற்று ஏமாற்றம்.

"பிரேக் மட்டும் ஓட்டிப் பாத்துடறேன். ஆபீஸ் முற்றம் ரோடு இல்ல, அதனால ஓட்டலாம். அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டினாத்தான் குத்தம்."

"கிளட்ச் கொஞ்சம்..." என்று டாக்டர் வாயெடுத்தாள்.

"நான் பாக்காத வண்டியாம்மா?"

மனிதரின் கர்வத்தைக் குறைக்கக் கடவுள் எப்போதும் இடியை அனுப்புவதில்லை. ஒரு கிளட்ச் கம்பியே போதும். வண்டி முன்காலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. வெள்ளைக் கோடு போனது. கதவுத் தூணில் வலப்பக்கக் கண்ணாடி பட்டுச் சிதறியது. ஸ்கேல் சாலையில் இருந்தார்.

முச்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். போன வாரம்தான் அவர் மனைவியின் ஸ்கூட்டரை ஸ்கேல் திருப்பியனுப்பியிருந்தார்.

"நம்பர் பிளேட் எங்க சார்?"

"இன்னும் வரல."

"ஹெல்மெட்?"

"மேசை மேல இருக்கு."

"கண்ணாடி ஒரு பக்கம்தான் இருக்கு. இதுக்கெல்லாம் உங்க ஆபீஸ்ல சான்று குடுப்பாங்களா சார்? அங்க ஒருத்தர் ரொம்பக் கறாராம்."

ஸ்கேலின் காது சிவந்தது. பின்னாலேயே ஓடிவந்த டாக்டர் எதையும் சொல்லியிருக்கலாம். காவலரும் அதற்காகவே ஆசையோடு அவள் வாயைப் பார்த்தார்.

"கிளட்ச் முரடுன்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என் மேலதான். விட்டுடுங்க சார்."

"சரி, தள்ளிக்கிட்டுப் போங்க" என்றார் காவலர், ஊதலை வாயில் வைத்துச் சிரிப்பை அடைத்தபடி.

இருவரும் தள்ளினார்கள். முந்நூறு அடி போவதற்குள் ஸ்கேலின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"தினமும் ரெண்டு கிலோமீட்டரா?"

"போக ரெண்டு, வர ரெண்டு."

அவர் கைப்பிடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு தள்ளினார்.

"எங்க சார் போயிட்டீங்க?" என்று அலுவலகத்தில் எழுத்தர் கேட்டதற்கு டாக்டர் முந்திக்கொண்டாள். "வண்டி தள்ள எப்படி இருக்குன்னு சார் பாத்தாரு."

ஸ்கேல் படிவத்தை எடுத்தார். பேனா ஓரிடத்தில் நின்றது. 'வலப்பக்கக் கண்ணாடி: இல்லை' என்று எழுதினார்.

"சார், அதை உடைச்சது யாரு?" டாக்டர் குரலைத் தாழ்த்தினாள்.

"அதை எழுத இதுல இடமில்ல டாக்டரம்மா. இல்லாததை இருக்குன்னு எழுத எனக்குக் கை வரல." அவர் நிமிராமலே சொன்னார்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. அதைவிட வேகமாகச் சிரிப்பு வந்தது. அதற்குள் கைப்பேசி அழைத்தது. மலைக்கு அப்பால் ஒரு பசுவுக்கு வலி கண்டிருந்தது. வண்டியை முற்றத்திலேயே விட்டுவிட்டு, சுற்றுவழியாகப் போகும் பால் வேனை மறித்து ஏறிக்கொண்டாள்.

மதிய உணவு நேரத்தில் அலுவலகம் காலியானது. ஸ்கேல் சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை. எதிரே இருந்த உதிரிபாகக் கடைக்குப் போய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு கண்ணாடியோடு திரும்பினார். கதவருகே கிடந்த சில்லுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தார். வெயிலில் முழங்காலிட்டுப் புதியதை முடுக்கினார். அளந்தார். மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கழற்றி மறுபடி மாட்டினார். கிளட்ச் கம்பியையும் கொஞ்சம் தளர்த்தினார்.

பிறகு இருக்கையில் உட்கார்ந்து, பின்னால் வருவது சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தார். கண்ணாடியில் முற்றம் தெரிந்தது, கதவு தெரிந்தது, வெள்ளைக் கோடு தெரிந்தது. யாரும் இல்லை.

பெட்ரோல் டாங்கின் மேல் புதிய படிவத்தை விரித்து, 'உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.