பாட்டில் பெட்ரோல்

சுமலதாவின் பெட்டிக்கடையில் பீடி, பிஸ்கட், ஷாம்பு எல்லாம் உண்டு. ஆனால் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது பெட்ரோலால்தான். அஞ்செட்டி தாண்டிக் காட்டுக்குள் இருக்கிற எங்கள் ஊருக்கு பஸ் வருவதே அதிசயம், பங்க் எங்கிருந்து வரும்? அவள் கேனில் வாங்கி வந்து, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்பாள். சட்டப்படி தப்புதான். அந்தச் சட்டமே எங்கள் ஊருக்கு வந்தாலும், திரும்பிப் போக அவளிடம்தான் பெட்ரோல் வாங்க வேண்டும்.

புருஷன் செத்த பிறகு மகள் மோகனப்ரியாவை டிப்ளமோ படிக்கவைத்தது அந்த வியாபாரம். மகள் இப்போது ஓசூரில் ஒரு வண்டிக் கம்பெனியில், இன்ஜின்களை ஓட்டிச் சோதிக்கிற பிரிவில் இருக்கிறாள்.

ஐப்பசியில் ஒரு வாரம் மழை விடாமல் கொட்டியது. அது ஓய்ந்ததும், சுமலதாவிடம் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்பிய கோவிந்தப்பனின் பைக் மலைப்பாதையில் நின்றுபோனது. யானை இறங்குகிற வளைவு அது. பின்னால் அவர் மனைவி வெள்ளையம்மா. இரண்டு பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை அஞ்செட்டிவரை தள்ளினார்கள். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்து, "தண்ணிங்க" என்றான்.

கோவிந்தப்பன் நேராகக் கடைக்கு வந்தார். கேனில் மிச்சமிருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றி எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். அடியில் தனியாக ஒரு தண்ணீர் மட்டம் நின்றது.

"ஏம்மா, நீ பெட்ரோல் விக்கிறியா, தண்ணி விக்கிறியா?"

"என் பொண்ணு மேல சத்தியமா நான் கலக்கலண்ணா."

யாரும் நம்பவில்லை. பாலில் தண்ணீர் ஊற்றி சொசைட்டிக்கு அனுப்புகிறவர்களும் நம்பவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். சுமலதா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மகளுக்குப் போன் போட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மோகனப்ரியா வந்தாள். முதலில் கேனைத்தான் பார்த்தாள். மூடியில் விரிசல், அதற்கு நேர் மேலே மழை ஒழுகுகிற கூரை ஷீட். பிறகு கோவிந்தப்பனிடம் போனாள்.

"மாமா, நீங்களே பங்க்ல பெட்ரோல் வாங்கியாங்க. எங்கம்மா கை படவேணாம்."

அவரும் முறைப்பாகவே போய் வாங்கி வந்தார். கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. எங்கள் ஊரில் சும்மா இருக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அவள் அந்தப் பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றி, ஒரு மூடி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அடியில் தனி மட்டம் இறங்கியது. ஒரு மூடி அளவு அல்ல, அதைப்போலப் பல மடங்கு.

"மீதித் தண்ணி எங்கருந்து வந்துது?" என்றார் கோவிந்தப்பன்.

"அது தண்ணியில்ல மாமா, எத்தனால். கரும்பு, மக்காச்சோளத்துல எடுக்கறது. இப்ப பெட்ரோல்ல நூத்துக்கு இருபது பங்கு அதுதான். தண்ணி பட்டா பெட்ரோலை விட்டுட்டு தண்ணியோட சேர்ந்து அடியில எறங்கிடும். எங்கம்மா கேன்ல மூடி விரிசல் வழியா மழைத்தண்ணி எறங்கியிருக்குது. முன்னெல்லாம் ரெண்டு சொட்டு எறங்கினா ரெண்டு சொட்டாவே கெடக்கும்."

"சாராயம்னு சொல்லு. அதான் அவரு வண்டி தள்ளாடியிருக்குது" என்று யாரோ சொல்ல, கோவிந்தப்பனே சிரித்துவிட்டார்.

"அப்ப இந்த எத்தனாலே ஆவாதா?" என்று வெள்ளையம்மா கேட்டாள்.

"ஏன் ஆவாது? எங்க கம்பெனியில அதுலதான் ஓட்டிப் பாக்கறோம். மைலேஜ் கொஞ்சம் கொறையும், அவ்ளோதான். பங்க்ல போட்டு ஓட்டிட்டே இருக்கறவங்களுக்கு ஒண்ணுமில்ல அத்தை. வாங்கி வெச்சி விக்கறதுக்குத்தான் சரிப்படாது."

அம்மாவின் பெயரைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று மாலை அவள் ஓசூருக்குப் பஸ் ஏறினாள்.

மறுநாள் கோவிந்தப்பன் கடைக்கு வந்தார்.

"தப்பாப் பேசிட்டேம்மா. மனசுல வெச்சிக்காத."

"இருக்கட்டும்ணா. கேனைப் புதுசா மாத்திட்டேன். ஒரு பாட்டில் தரட்டா?"

அவர் தலையைச் சொறிந்தார். "வேணாம்மா. இனிமே அஞ்செட்டி போறப்பவே டேங்கை ரொப்பிக்கறேன். உம்மேல சந்தேகமில்ல."

அந்த வாரம் வந்த எல்லோரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள், மிக மரியாதையாக. சனிக்கிழமை மகள் போன் செய்து வியாபாரம் எப்படி என்று கேட்டாள்.

"என்னைத் திருடின்னு சொன்னப்பகூட ரெண்டு பேரு வாங்கினாங்க பாப்பா" என்றாள் சுமலதா.