புள்ளியை முதலில் படி

தெருவில் அவருக்குப் பாதரசம் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. வானிலை நிலையத்தின் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோலை உரிக்கிற வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார்.

அவருக்கு முன்னால் அவருடைய அப்பா அந்த நிலையத்தில் இருந்தார். இப்போது அவருடைய மகன் இருக்கிறான். நிலையத்தின் உயிர் என்பது நெஞ்சுயரக் கால்களில் நிற்கும் ஒரு வெள்ளை மரப்பெட்டி. காற்று புகும்படி பக்கமெல்லாம் சாய்வான பட்டிகள், உள்ளே வெப்பமானி. நூறு வருடமாக ஒரு நாள் விடாமல் அந்தப் பெட்டியைத் திறந்து வெப்பம் படித்திருக்கிறார்கள். பூமி சூடாகிறது என்று எங்கோ ஒரு விஞ்ஞானி கோடு போட்டுக் காட்டினால், அந்தக் கோட்டில் ஒரு நூலிழை இந்தப் பெட்டியிலிருந்து போனது. அவருடைய காலத்திலேயே கோடு மெல்ல மெல்ல மேலே ஏறியது. தன் கையாலேயே அதை வரைந்தவர் அவர்.

பெட்டியைத் திறப்பதற்கு அந்தக் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திற. புள்ளியை முதலில் படி, முழு எண்ணைப் பிறகு படி. மனிதன் பக்கத்தில் வந்து நின்றாலே அவன் உடம்புச் சூட்டில் பாதரசம் நகரத் தொடங்கிவிடும்; புள்ளி உனக்காகக் காத்திருக்காது, முழு எண் எங்கும் ஓடிவிடாது என்பார் அப்பா. ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத எண் எண்ணே இல்லை. இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மகள் சின்னவளாக இருக்கையில் யாராவது வயது கேட்டால், “புள்ளி அஞ்சு, ஏழு” என்பாள். வந்தவர்கள் விழிப்பார்கள். தம்பிக்காரன் பின்னாலிருந்து அதைத் திருப்பிச் சொல்வான்.

அந்த மகள் இப்போது அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். விழாவுக்கு முந்திய வாரம் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

“அப்பா, உங்க பெட்டியும் என் வார்டும் ஒத்துப்போகல.”

“பெட்டிக்கு என்னம்மா?”

“வார்டுல கட்டில் இல்ல. தரையில படுக்க வச்சிருக்கோம். வர்றவன் பூரா கட்டட வேலைக்காரன். தொட்டா அடுப்பு மாதிரி கொதிக்கிறான். உங்க பெட்டி என்னடான்னா முப்பத்தொம்பது புள்ளி ஆறுங்குது.”

“புள்ளி ஆறு, முப்பத்தொம்பது.”

“சரி, புள்ளி ஆறு! அந்தப் புள்ளியை வச்சு நான் யாருக்கு விசிறி விடறது?”

“உங்க ஆஸ்பத்திரிக் கூரை தகரம். சூட்டை வாங்கி உள்ளே கொட்டும். பெட்டி பொய் சொல்லாது. உன் தம்பி படிச்ச எண்ணு அது.”

“பெட்டி பொய் சொல்லாதுங்கிறீங்களா, தம்பி பொய் சொல்ல மாட்டான்கிறீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

அவள் செருப்பைக் கழற்றி எறிந்த சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. நண்பகல் அளவு நாற்பத்திரண்டைத் தொட்டால் நிலையத்துச் சங்கு ஊத வேண்டும், ஊதினால் வெயிலில் நடக்கிற வேலை எல்லாம் பொழுது சாயும்வரை நிற்க வேண்டும் என்று அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. முதல் கோடையில் சங்கு ஊதித் தள்ளியது. பாதி எழும்பிய அடுக்குமாடிகள் அப்படியே நின்றன. கட்டுகிற முதலாளிகள் மந்திரி வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். அதன் பிறகு வந்த இரண்டு கோடையிலும் சங்கு வாயே திறக்கவில்லை. மந்திரி வெளிநாட்டு மாநாட்டில் எழுந்து நின்று, எங்கள் ஊரில் வெப்பம் குறைகிறது, வேண்டுமானால் நூறு வயதுப் பெட்டியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். தன் கையால் கோடு வரைந்தவருக்கு அந்தச் சரிவு லேசாக உறுத்தத்தான் செய்தது. இயற்கை என்றால் ஏற்றமும் இறக்கமும் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். படித்தது மகன் ஆயிற்றே.

கீழ் வீட்டில் குடியிருந்த கொத்தனாருக்கு அவர் வார்த்தைதான் வேதவாக்கு. தினம் காலையில் படிக்கட்டுக்குக் கீழே நின்று கேட்பான்.

“பெரியவரே, இன்னிக்கு சங்கு ஊதுமா?”

“ஊதாது. தைரியமா போ.”

அந்த வாரம் ஒருநாள், “தலை கிறுகிறுங்குது, லீவு போடலாமான்னு பாக்குறேன்” என்றான்.

“நேத்து புள்ளி ஒண்ணு, நாப்பதுதான். இதுக்கே படுத்துட்டா எப்படிய்யா? போ.”

போனான். அன்று மத்தியானம் சாரத்தின் மேலேயே சுருண்டு விழுந்தான். நல்லவேளையாக உள்பக்கம் விழுந்தான். மகளுடைய வார்டில் தரையில் படுத்திருந்தவர்களில் அவனும் ஒருவன் ஆனான். பெரியவர் அவனைப் போய்ப் பார்க்கவில்லை. அவனுக்கு வயதாகிறது, தண்ணீர் சரியாகக் குடிக்கமாட்டான் என்று கொத்தனார் மனைவியிடம் மாடியிலிருந்தே சொன்னார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விழா நாள் வந்தது. நூறு வருடம் இடம் மாறாமல், நாள் தவறாமல் அளந்த நிலையங்களுக்கு உலக அமைப்பு ஒன்று தரும் சான்று இந்த நிலையத்துக்குக் கிடைத்திருந்தது. மந்திரி கொடுக்க, பெரியவர் வாங்க வேண்டும். அதற்கு முன் எல்லோர் முன்னிலையிலும் நண்பகல் அளவு: மகன் படிப்பான், அப்பா திருப்பிச் சொல்வார். மகனுடைய யோசனைதான் அது. கேட்டதும் பெரியவர் விழாச் சட்டையைத் தானே தேய்த்து வைத்தார்.

கூட்டம் சேருமுன் பெட்டியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சீக்கிரமே போனார். ஓய்வுக்குப் பிறகு அந்த வளாகத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை; மகனுடைய அதிகாரத்தில் தலையிட்டதாகப் பேச்சு வரக் கூடாது என்ற கௌரவம். பழைய இடத்துக்குப் போனால் அங்கே கார்கள் நின்றன. பெட்டி, பின்பக்கம் குளத்தை ஒட்டிய புல்வெளியில் மர நிழலில் நின்றது. அப்பாவின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும் கதவில் அப்படியே இருந்தது. புல்லின் மேல் நடந்தார். செருப்பு முழுக்க ஈரம். நாலு மூலையிலும் குழாய்கள் சுழன்று சுழன்று தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தன.

மகன் ஓடி வந்தான். “அப்பா, இவ்வளவு சீக்கிரமாவா?”

“பெட்டி ஏன்டா இங்க இருக்கு?”

“அங்க எதிர்ல கண்ணாடிக் கட்டடம் வந்துடுச்சுப்பா. சூட்டைத் திருப்பி அடிக்குது. புல் தரையில வைக்கணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”

“புல்லுன்னு சொன்னேன். நாள் பூரா குளிப்பாட்டுற புல்லுன்னா சொன்னேன்? இடம் மாத்தினா ரெண்டு இடத்துலயும் சேத்து அளக்கணும், மாத்தினோம்னு ஊருக்குச் சொல்லணும். சொன்னியா? இடம் மாறாத நிலையம்னு சான்று வாங்கப் போறோமேடா!”

“விழா முடியட்டும்ப்பா, எழுதி அனுப்பிடறேன். தண்ணி இன்னிக்கு மட்டும்தான், மந்திரி வர்றார்னு. தூசி கிளம்பக் கூடாதுல்ல.”

பெரியவர் அவன் முகத்தையே பார்த்தார். அவன் கண்ணை விலக்கவில்லை. நம்புவதா வேண்டாமா என்று தராசு ஆடிக்கொண்டிருக்கையில், பெற்ற மனது ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக் கட்டடம் என்னவோ உண்மைதான் என்று எண்ணிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மந்திரி வந்தார், பேசினார். “பூமி கொதிக்குதுன்னு பயமுறுத்துறாங்க. நம்ம ஊர் கொதிக்கலையே! பெட்டியைக் கேளுங்க, பெரியவரைக் கேளுங்க!” கூட்டம் கைதட்டியது. கேமராக்கள் புல்வெளிக்கு நகர்ந்தன. மகன் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டிக் கதவைத் திறந்தான். பெரியவர் வழக்கம்போல் அவனுக்குப் பின்னால் ஓரடி தள்ளி, நிமிர்ந்து நின்றார்.

“நாப்பது...” என்றான் மகன், “...புள்ளி எட்டு.”

பெரியவர் திருப்பிச் சொல்லத் திறந்த வாயை மூடினார். நாற்பது முதலில் வந்துவிட்டது. நடை பழகிய நாளிலிருந்து அந்தக் கதவின் முன் நின்றவன் அவன். காய்ச்சலில் பிதற்றினாலும் புள்ளியைத்தான் முதலில் சொல்வான். வெப்பமானியைப் பார்த்துப் படித்தவனுக்கு முழு எண் முதலில் வாயில் வராது. வீட்டிலிருந்தே கொண்டுவந்த எண்ணாக இருந்தால்தான் வரும்.

கூட்டம் காத்திருந்தது. மகன் திரும்பி, “அப்பா, சொல்லுங்க” என்று மெல்லச் சொன்னான்.

பெரியவர் அவனைத் தோளால் விலக்கிவிட்டு முன்னால் போனார். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இத்தனை ஈரத்துக்கும் இத்தனை நிழலுக்கும் நடுவில், மறைக்கத் தெரியாத அந்தப் பழைய கண்ணாடிக் குழாய் உள்ளதைக் காட்டிக்கொண்டு நின்றது.

“புள்ளி ரெண்டு” என்றார் உரக்க. “நாப்பத்து மூணு.”

சட்டென்று ஒலிபெருக்கி செத்தது. மந்திரியின் உதவியாளர் கையில் ஒயரின் முனை இருந்தது. “பெரியவருக்கு வெயில் ஒத்துக்கல, பாவம். நாற்காலியில உக்கார வைங்க” என்று சிரித்தார். பிறகு அவரே இன்னொரு ஒலிபெருக்கியை எடுத்து, “நாற்பது புள்ளி எட்டு!” என்று திருப்பிச் சொன்னார். பலத்த கைதட்டல்.

பெரியவர் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. மகனிடம் கையை நீட்டினார்.

“சங்கு அறைச் சாவியைக் குடு.”

“அப்பா, இங்க வேண்டாம்...”

“குடுடா.”

“ஊதினா நாளைக்கே நிலையத்தை மூடிருவாங்கப்பா. தானா அளக்குற மிஷினை வச்சிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் தாத்தா பேரு ஏது, நம்ம குடும்பம் ஏது? எல்லாம் அந்தப் பேரு நிலைக்கணும்னுதான் செஞ்சேன். சத்தியமா எனக்காக இல்ல.”

சாவி அவன் இடுப்பில்தான் தொங்கியது. அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டான். மூடிக்கொண்டு மந்திரியைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. காசுக்காகச் செய்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அறைந்துவிட்டு மறந்திருப்பார். செத்துப்போன மனிதரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டானே! அதுதான் அவரை அறுத்தது.

சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். பித்தளைத் தகட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். “என்னப்பா பண்றீங்க, எல்லாரும் பாக்குறாங்க” என்று மகன் கெஞ்சினான். தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, கார்களுக்கு நடுவே நடந்து வெளியே போனார். சான்று மேடையிலேயே கிடந்தது. பின்னால் யாரோ அதை மகன் கையில் கொடுக்க, மறுபடியும் கைதட்டினார்கள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே அடுக்குமாடியில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. சாரத்தில் ஆட்கள் எறும்புகளாக ஏறி இறங்கினார்கள். பாதி வழியில் பெரியவர் நின்றார். கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு மறுபடி நடந்தார்.

வார்டு வாசலில் அவரைப் பார்த்ததும் மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறந்து கிடந்த கழுத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

“என்னப்பா? கையில என்ன?”

“உன் தாத்தா பேரு. அங்க விட்டுட்டு வர மனசு வரல.”

“தம்பி எங்க?”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டும் ஒண்ணு இல்லம்மா” என்றார்.

எந்த இரண்டு என்று அவள் கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே கூட்டிப்போனாள்.

கொத்தனாருக்கு இப்போது கட்டில் கிடைத்திருந்தது. உதடு வெடித்து, முகம் சுண்டிப்போயிருந்தது. பெரியவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். அவர் படுக்கச் சொல்லிக் கை காட்டினார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

“பெரியவரே, இன்னிக்கு விழாவாமே. பெட்டி என்ன சொல்லிச்சு?”

“புள்ளி ரெண்டு. நாப்பத்து மூணு.”

பக்கத்துக் கட்டிலில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மகள், தலையைத் தூக்காமல், சின்ன வயதுப் பழக்கத்தில், “புள்ளி ரெண்டு, நாப்பத்து மூணு” என்று திருப்பிச் சொன்னாள்.

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார்.

கொத்தனார் ஜன்னல் பக்கம் காதை வைத்துக் கேட்டான். தூரத்தில் கலவை இயந்திரம் உருளும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“நாப்பத்து மூணுங்கிறீங்க. அப்புறம் ஏன் சங்கு ஊதல?”

அந்தக் குடும்பத்தில் வீட்டு விஷயம் வாசலைத் தாண்டிப் போனதில்லை. மூன்று தலைமுறையாக ஒரு சொல் போனதில்லை. கைக்குட்டைக்குள் இருந்த தகட்டின் விளிம்பு உள்ளங்கையில் பதியும்வரை பெரியவர் அதை இறுக்கினார்.

“என் மகன் ஊதல” என்றார்.