இலக்கை அடைந்துவிட்டேன்

"மெம்பர் நேர்ல வரணும் ஆன்ட்டி. கடைசி எடை போடாம மெம்பர்ஷிப்பை கேன்சல் பண்ண முடியாது" என்றாள் எடைக் குறைப்பு மையத்தின் கவுண்டர் பெண்.

"அவ வீட்டு ஹால்ல கிடக்கிறாம்மா. நாலு மணிக்கு எடுக்கிறாங்க."

"நாலுக்கு மேல வந்தாலும் பரவாயில்ல. ஆறரை வரைக்கும் இருப்போம்."

அக்காவுக்காக வந்திருந்த தையல்காரி அவளையே பார்த்தாள். கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் மெல்ல நின்றன.

"சாரி ஆன்ட்டி" என்றாள் பெண். "கோச்சைக் கூப்பிடறேன்."

செத்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் நாலு வாய் நாலு விதமாகப் பேசத்தான் செய்யும். லாக்கர் சாவி இவளிடம்தான் இருக்கிறது என்றது ஒன்று. பசி தாங்க மாட்டாள், எங்கேயாவது தின்னப் போயிருப்பாள் என்றது இன்னொன்று. தையல்காரியின் உடம்பு அப்படி. உண்மையில் அவள் வந்தது இந்தக் கடையின் முகப்புக் கண்ணாடிக்காக. ஆளுயரத்துக்கு அக்கா அதில் ஒட்டிய படத்தில் இரண்டு பேராக நின்றாள். 'முன்' என்ற எழுத்துக்குக் கீழே கன்னமும் வயிறுமாக ஒருத்தி. 'பின்' என்பதற்குக் கீழே நீலச் சட்டையில் குச்சியாக ஒருத்தி. நடுவில் ஓர் அம்புக்குறி. 'இருபத்திரண்டு கிலோ! உங்களாலும் முடியும்!'

அக்காவை ஏற்றிக்கொண்டு வண்டி இந்தத் திருப்பத்தில்தான் திரும்ப வேண்டும். வேறு வழி கிடையாது. முன் சீட்டில் மாமாவும் அக்கா மகளும் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் அந்தப் படம் போய்விட வேண்டும். மெம்பராக இருக்கும்வரை படத்தை எடுக்க முடியாது, அப்படித்தான் மேடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று காலையில் போனில் சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கேன்சல்.

கவுண்டர் மேல் மஞ்சளாக ஒரு ரப்பர் கட்டி இருந்தது. ஐந்து கிலோ கொழுப்பு பார்க்க எப்படி இருக்கும் என்பதற்கான மாதிரி. வருகிறவர்கள் எல்லாம் அமுக்கி அமுக்கி, அதன் மடிப்புகளில் அழுக்கு ஏறிப் பிசுபிசுவென்று இருந்தது. தெரியாமல் அதன் மேல் கையை ஊன்றிவிட்ட தையல்காரி, கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த பிறகும் ஒட்டியது.

கோச் ஒரு பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே வந்தான். வெனிலா வாசம் அவனுக்கு முன்னால் வந்தது.

"என்ன மேடம், கேள்விப்பட்டேன். மனசே ஆறல. என்ன ஒரு டெடிகேஷன்! மத்தவங்க கல்யாணம், காய்ச்சல்னு ஆயிரம் சாக்கு சொல்வாங்க. உங்க அக்கா கடைசி வரைக்கும் ஒரு வாரம்கூட எடை ஏறல." அவன் ஒரு மடக்குக் குடித்தான். மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு நின்றது.



போன மாதம்தான் டாக்டர் சொன்னார், வயிற்றுக்குள் கட்டி குடிவந்து ஒரு வருஷம் ஆகிறதென்று. வாடகை கொடுக்காத அந்தக் குடித்தனக்காரன் உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். வெளியே இவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். 'இந்த மாத நட்சத்திரம்' என்று மூன்று மாதம் தொடர்ந்து அக்காவுக்குக் கிரீடம் வைத்தார்கள், காகிதக் கிரீடம்.

சரி, இவர்களைச் சொல்வானேன். அந்த நீலச் சட்டையை ஐந்து தடவை பிரித்துச் சுருக்கித் தைத்தது யார்? டேப்பை இடுப்பில் சுற்றும்போதெல்லாம் எண் இறங்கிக்கொண்டே வந்தது. "சாப்பாடே இறங்க மாட்டேங்குதுடி" என்று அக்கா சொன்னாள். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, "குடுத்து வெச்சவ. எனக்கு இறங்காம இருந்தா கோயில் கட்டுவேன்" என்று சிரித்தாள் இவள். அதோடு விட்டாளா? கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "அந்தக் கண்ணாடியில நிக்கிறது யாரு தெரியுமா? எங்க அக்கா. சட்டை நம்ம தையல்" என்றாள்.

"காரணம் ஏதாவது செலக்ட் பண்ணணும் கோச்" என்றாள் கவுண்டர் பெண். "இடமாற்றம், நேரமின்மை, இலக்கை அடைந்துவிட்டேன். இதுல செத்துப்... அது இல்ல."

"வேற போடு."

"வேறன்னும் இல்ல."

கோச் தலையைச் சொறிந்தான். "இலக்குன்னே போடும்மா. மத்த ரெண்டும் பொய்யாயிடும்."

அதிலும் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டான் பாவி.

"கடைசி எடை கட்டத்தைக் காலியா விட்டா சிஸ்டம் க்ளோஸ் ஆகாது."

"நீயே ஒண்ணு அடியேம்மா."

"கையால அடிக்க முடியாது கோச். மெஷின்லருந்து வரணும்."

சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. மூன்று பேரும் மூலையில் இருந்த எடை மெஷினைப் பார்த்தார்கள். தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறினாள். எத்தனையோ பேருடைய பாத ஈரம் காயாமல் வழவழத்தது. மெஷின் அக்காவின் பழைய கணக்கோடு ஒப்பிட்டு யோசித்தது, ஒரு கூவு கூவியது. பிறகு குழந்தைக் குரலில் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னது: "அச்சச்சோ! நாற்பத்தேழு கிலோ கூடிட்டீங்களே! கவலைப்படாதீங்க, நாளைக்குப் புதுசா ஆரம்பிக்கலாம்!"

கவுண்டர் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோச் கடிக்கவில்லை.

"மேடம், இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். உங்களுக்கும் ஒரு ட்ரையல் போட்டு..."

"படத்தை எடு தம்பி."

"ஸ்டிக்கர் ஆள் நாளைக்குத்தான் வருவான்."

அவள் வெளியே வந்து நகத்தை வைத்தாள். 'முன்' அக்கா அவித்த உருளைக்கிழங்குத் தோலைப் போல ஒரே உரியில் வந்துவிட்டாள். 'பின்' வெயிலில் காய்ந்து கண்ணாடியோடு இறுகிப்போயிருந்தாள். முகத்தில் நகத்தை வைக்க மனம் வரவில்லை, காலிலிருந்து ஆரம்பித்தாள். விரல் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாகத்தான் வந்தது. கீழே கறுப்பாகப் பசை. நகக்கண்ணில் ஏறி எரிந்தது. நீலச் சட்டை வந்ததும் கை கொஞ்சம் நின்றது. அளவு அவளுக்கு மனப்பாடம். பிறகு அதையும் சுரண்டினாள்.

இடுப்புக்கு மேல் போவதற்குள் திருப்பத்தில் ஹாரன் கேட்டது. வண்டி ஊர்ந்து வந்தது. முன் சீட்டில் மாமா. பக்கத்தில், வெளியே பார்த்தபடி, அக்கா மகள்.

தையல்காரி திரும்பி முதுகைக் கண்ணாடியோடு சேர்த்து நின்றாள். மார்பும் முகமும் மீதமிருந்தன. குதிகாலை எக்கினாள். இரண்டு கைகளையும் கொஞ்சம் விரித்தாள். படத்தின் ஓரங்கூடத் தெரியவில்லை.

மாமா அவளைப் பார்த்துவிட்டார். டிரைவர் தோளைத் தட்டினார். வண்டி நின்றது. "ஏறு" என்று கையை அசைத்தார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனை அழுத்தின. மாமா ஒன்றும் விளங்காமல் இன்னொரு முறை கையைக் காட்டினார்.

"நீங்க போங்க மாமா" என்றாள். "வந்துடறேன்."

வெயிலில் காய்ந்த கண்ணாடி முதுகைச் சுட்டது. வண்டியின் பின்கதவும் கண்ணை விட்டு மறையும்வரை அவள் குதிகாலைத் தரையில் வைக்கவில்லை.