ஊகார வரிசையில் ஒரு குரல்

மாட்டுப்பட்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்புக்கு ஆகார எழுத்து வரிசை சிரமமில்லாமல் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டால் போதும். அந்தக் காலத்துப் பழைய வடிவில் ணா, றா, னா மூன்றும்தான் முரண்டு பிடிக்கும். ஊகாரம் வந்தபோது வகுப்பே தத்தளித்தது. ஓசை ஒன்றுதான். ஆனால் பூவின் கோடு கீழே இறங்கும், மூவின் சுழி மேலே ஏறும், தூ தனக்கென்று ஒரு கால் வைத்துக்கொள்ளும். கூ யாரோடும் சேராது.

வாத்தியார் அர்த்தநாரி கீழே சமவெளியில் மீனாட்சிபுரத்துக்காரன். பி.ஏ. படித்தவன். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் மனைவி போய்ச் சேர்ந்தாள். துக்கம் விசாரிக்க ஆளில்லாத இடமாக இருக்கட்டும் என்று இந்த மலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். வந்த பிறகு சோறும் குளிரும் அவனுக்கு ஒன்றுபோலவே இருந்தன.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு எழுத்தைக் கொடுத்துப் பார்த்தான். காலையில் பெயருக்குப் பதிலாக வரிசையாக அந்த எழுத்தைத்தான் சொல்ல வேண்டும். கூ, சூ, டூ, தூ, நூ, பூ, மூ. தன் எழுத்தைப் பலகையில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். டூ கிடைத்த வேதமுத்து முறையிட்டான். எல்லாரும் தன்னோடு டூ விட்டுவிட்டதாகச் சொல்கிறார்களாம். சார் வீட்டை ஊடு என்கிறாரே, அது எந்த வரிசை என்று இன்னொரு பிள்ளை கேட்டது. நூ, கொழுந்து பறிக்கும் இருதயம்மாளின் மகள் ஞானஜோதிக்கு. அவள் குரல் மெல்லியது. ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள், பள்ளி விட்டதும் மூடுபனி இறங்கியது. பிள்ளைகளைத் தொழிலாளர் லயத்து வீடுகளில் சேர்க்க அர்த்தநாரியும் கூடவே நடந்தான். பாதி வழியில் தன் கையே அவனுக்குத் தெரியவில்லை. எல்லாரையும் நிற்கச் சொன்னான். காலையில் சொல்வதுபோல வரிசையாகச் சொல்லச் சொன்னான்.

வெள்ளைக்குள்ளிருந்து கூ வந்தது. சூ, டூ, தூ வந்தன. பிறகு ஒன்றுமில்லை. பூ தயங்கி வந்தது, பின்னாலேயே மூ.

மறுபடி சொல்லச் சொன்னான். நூவின் இடம் மறுபடியும் காலியாகவே இருந்தது. ஞானஜோதியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். பிள்ளைகளையும் கத்தச் சொன்னான்.

அப்போது ஈரமான கையொன்று அவன் தோளை அழுத்தியது. இருதயம்மாள். முதுகில் கொழுந்துக் கூடை.

“ஏனுங்க, உங்க புள்ளையக் காணமுங்க,” என்றான்.

“சத்தங் காட்டாதீங்க சார். பெரியவரு நிக்காரு.”

மலையில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. சமவெளிக்காரனுக்கு இது தெரியாது. பனியில் அதன் பக்கத்தில் நின்று கத்தக்கூடாது என்பதும் தெரியாது. அவனுக்கு இப்போதுதான் அந்த வாடை வந்தது. மிதிபட்ட புல்லும் சாணமும் கலந்த வாடை. பிள்ளைகள் தாமாகவே வாயை மூடிக்கொண்டார்கள்.

காற்று ஒரு பக்கமாகப் பனியை ஒதுக்கியது. தேயிலைக்கு நடுவே பெரிய யானை. அதன் காலடியில் குட்டி. நாலைந்து செடி தள்ளி, குத்துக்காலிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஞானஜோதி. தும்பிக்கை அவள் தலைக்கு மேலே காற்றைத் துழாவியது. இருதயம்மாள் அசையவில்லை. மகளைக் கூப்பிடாமல் நின்ற அந்த முகத்தை அர்த்தநாரி பார்த்தான். பிறகு பார்க்க முடியாமல் யானையைப் பார்த்தான்.

யானை குட்டியைத் தள்ளிக்கொண்டு, அவசரமில்லாமல் சரிவில் இறங்கியது. குட்டியின் வாலும் மறைந்த பிறகுதான் இருதயம்மாள் மகளிடம் நடந்தாள்.

பிள்ளை முதலில் அர்த்தநாரியிடம்தான் பேசியது.

“நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு சார். நூவ வாய்க்குள்ளயே சொல்லிட்டேன்.”

அவன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு நடந்தான்.

பாதையோரத்து ஈரமண்ணில் ஒரு யானைத் தடம். அதற்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். வேதமுத்து தன் இரண்டு பாதங்களையும் அதற்குள் வைத்தான். இன்னும் இடம் இருந்தது. ஞானஜோதியும் இறங்கி அவன் பக்கத்தில் நின்றாள். அப்போதும் இடம் இருந்தது. அர்த்தநாரி செருப்பைக் கழற்றினான்.