கையசைத்தால் ஹாரன்

என் கேமராவில் யாராவது கை வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உனக்கு எதற்குத்தான் கோபம் வராது என்று அக்கா கேட்பாள். அது வேறு கதை.

அன்று காலையில் அக்கா மகள் ரொட்டி தின்ற கையோடு லென்ஸைத் தடவிவிட்டாள். "தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று நான் போட்ட சத்தத்தில் குழந்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு வந்தாள்.

"பச்சைப் பிள்ளைகிட்டயா உன் வீரத்தைக் காட்டுறே? உன்னை எவனாவது கட்டிக்கிட்டா அந்தக் கேமராதான்டி அவனுக்கு மாமியார்."

வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த அத்தான் சிரித்தார். அக்கா புருஷன். ரயில் ஓட்டுகிறவர். "வீடு பத்திக்கிட்டா இவ முதல்ல கேமராவைத் தூக்கிட்டு ஓடுவா. அப்புறம்தான் நாம ஞாபகத்துக்கு வருவோம்."

"ஆமா, அப்படித்தான்," என்றேன் வெடுக்கென்று.

அன்று அத்தான் ஓட்டும் தொலைதூர ரயிலிலேயே அக்காவும் குழந்தையும் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். முதல் பெட்டி, ஆற்றுப் பக்க ஜன்னல். அடம்பிடித்து அந்த இடத்தை வாங்க வைத்தவள் நான்தான். மலை, ஆறு, பாலம், ஜன்னலில் கையாட்டும் ஒரு குழந்தை. ஒரு காலண்டர் கம்பெனியில் அப்படி ஒரு படம் கேட்டிருந்தார்கள்.

எனக்கும் அத்தானுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினால் அவர் நீளமாக ஹாரன் அடிப்பார். பார்த்துவிட்டேன், எடுத்துக்கொள் என்று அர்த்தம். முன்பெல்லாம் படம் நன்றாக விழட்டும் என்று வேகத்தையும் கொஞ்சம் குறைப்பார். அது மேலதிகாரிக்குத் தெரிந்து, கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அதோடு சரி. "இனிமே நீ தண்டவாளத்துல குட்டிக்கரணம் போட்டாலும் பிரேக்குல கை வைக்கமாட்டேன் தாயே. ஹாரன் மட்டும்தான்," என்று பெரிய கும்பிடாகப் போட்டார்.

ரயில் மலையைச் சுற்றிக்கொண்டு வரும். நான் ஸ்கூட்டரில் குறுக்கு வழியாக முன்னாலேயே போய், பாலத்துக்கு இந்தப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டிய பாறையில் கேமரா ஸ்டாண்டை நிறுத்தினேன். ராத்திரி பெய்த மழையில் ஆறு கரைபுரண்டு ஓடியது. மலையின் மேல் பாதி மேகத்தில் இருந்தது. அடடா, இந்த வெளிச்சத்துக்காக எத்தனை நாள் தவம் கிடந்தேன் என்று எனக்கு ஒரே குஷி.

ஃபோகஸ் பார்ப்பதற்காகப் பாலத்தின் அக்கரை முனையை லென்ஸில் இழுத்துப் பார்த்தேன். என்னவோ சரியில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பாலம் கரையில் போய்ச் சேரும் இடத்தில் மண்ணே இல்லை. வெள்ளம் கரையை அரித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு தண்டவாளமும் வெறும் அந்தரத்தில் நின்றன.

போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் என்றைக்கு இருந்தது, இன்றைக்கு இருக்க?

அதே நேரம் தூரத்துச் சுரங்கப் பாதைக்குள்ளிருந்து ரயில் சத்தம் கேட்டது.

கேமராவை ஸ்டாண்டோடு தோளில் போட்டுக்கொண்டு பாறையிலிருந்து சரிந்து இறங்கினேன். முழங்கால் சிராய்த்தது. தண்டவாளத்தின் ஓரமாக, ரயில் வரும் திசையில் ஓடினேன். எவ்வளவு முன்னால் நிறுத்துகிறேனோ அவ்வளவு நல்லது. சுரங்கத்திலிருந்து எஞ்சின் வெளியே வந்தது. அதற்குப் பின்னால் முதல் பெட்டி. ஜன்னலில் ஒரு சின்னக் கை.

இரண்டு கையையும் தூக்கி வெறி பிடித்தவள்போல ஆட்டினேன். "நிறுத்துங்க அத்தான்! நிறுத்துங்க!"

நீளமாக ஹாரன் அடித்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாவி மனுஷன், படம் எடுக்கச் சொல்கிறார்! மறுபடியும் ஆட்டினேன். மறுபடியும் ஹாரன், இந்தத் தடவை இன்னும் உற்சாகமாக. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. சிவப்பாக ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். என் சட்டை கறுப்பு, பை கறுப்பு, குடையும் கறுப்பு. நடுவில் போய் நின்றாலும், படத்துக்காக நிற்கிறாள், கடைசியில் தாவிவிடுவாள் என்றுதான் நினைப்பார். குட்டிக்கரணம் போட்டாலும் என்று சொன்னவராயிற்றே!

வீடு பத்திக்கிட்டா இவ முதல்ல கேமராவைத் தூக்கிட்டு ஓடுவா. காலையில் கேட்ட பேச்சு சட்டென்று நினைவுக்கு வந்தது.

ஸ்டாண்டை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நட்டேன். கேமரா எஞ்சினைப் பார்த்து நின்றது. "மன்னிச்சுக்கடா ராஜா," என்று அதனிடம் சொன்னேன். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு, தண்டவாளத்தை விட்டு விலகி, மேட்டில் ஏறி, அவர் கண்ணில் படும்படி வெறுங்கையோடு நின்றேன்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஹாரன் விட்டு விட்டு அலறியது. சக்கரங்கள் கிறீச்சிட்டன. காதைப் பொத்திக்கொண்டேன். எஞ்சின் என்னைத் தாண்டிப் போனது. கேமரா நொறுங்கிய சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. பெட்டி பெட்டியாகத் தாண்டித் தாண்டிப் போய், பாலத்தின் முதல் இரும்புத் தூணைத் தொடாத குறையாக ரயில் நின்றது.

அத்தான் குதித்து இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்னடி ஆச்சு உனக்கு?" என்று கத்தினார். அக்கரையைக் காட்டினேன். பார்த்தவர் அப்படியே சரளைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ கையாட்டினப்போ வழக்கம்போலன்னு இருந்துட்டேன்," என்றார். "கேமரா நடுவுல நிக்குது, நீ அதை விட்டுட்டுத் தள்ளி நிக்கிறே. அதைப் பார்த்ததும்தான் பிரேக்கைப் போட்டேன்."

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நடுவில் முதுகில் இரண்டு அடியும் வைத்தாள். நானும் வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

அழுது முடித்துப் பார்த்தால் குழந்தையைக் காணோம். கொஞ்ச தூரத்தில், தண்டவாள ஓரத்தில் சிதறிக் கிடந்த கேமராத் துண்டுகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"தொடலாமா சித்தி?" என்றாள்.

"தொடுடி செல்லம்," என்றேன்.